மூன்று மில்லிமீட்டர்

பிரிட்டனி, ஜூலை.
இரவு பத்தேகால் ஆகியும் வெளிச்சம் போகவில்லை.
மாதத்துக்கு ஒரு பூசை மட்டும் நடக்கும் தேவாலயம்.
கூரைக்கடியில் நானூறு தாய் வௌவால்கள்.
எச்சத்தைக் கூட்டி அள்ளித்
தன் ஆர்ட்டிசோக் பாத்திக்குப் போடுகிறார் ஃபான்ஷ்.
"சாமியார் தந்ததைவிட இதுகள் தந்தது அதிகம்" என்கிறார்,
சிலுவைக் குறி போட்டபடியே.

மணிக்கூண்டு ஜன்னலில் பொறி.
விழுந்ததை ஒவ்வொன்றாய் வெள்ளைத் துணிப்பையில் இட்டுக்
கொடியில் மாட்டுகிறோம்.
பைகள் தமக்குள் முணுமுணுக்கின்றன.

அஸேனோர் கையுறை மாட்டுகிறாள்.
மூட்டுகள் வீங்கிய இரவு இது;
இடது நடுவிரல் மடங்க மறுக்கிறது.
அவள் உடம்பின் காவலர்கள்
பன்னிரண்டு ஆண்டுகளாகச்
சொந்த வீட்டுக் கதவையே உடைக்கிறார்கள்.
புதன்தோறும் மாத்திரை,
வியாழன்தோறும் குமட்டல்.
இன்று வியாழன்.

"எழுது" என்கிறாள். எழுதுகிறேன்.
முன்கை அறுபத்தொரு மில்லிமீட்டர்.
எடை இருபத்தாறு கிராம்:
கடிதமென்றால் இரண்டு தபால்தலை ஒட்டவேண்டும்.
தோலுக்கடியில் இருக்கும் சிப்பைக் கருவி படிக்கிறது.
இரண்டாயிரத்துப் பத்தில் முதன்முறை பிடிபட்டவள்,
அப்போதே தாய்.
இதே எடையில் ஓர் எலி இருந்திருந்தால்
அறுபது தலைமுறை கடந்து
மண்ணின் மண்ணாகியிருக்கும்.
இவளுக்குப் பல் நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது,
அவ்வளவுதான்.

இறக்கையை விரித்து விளக்கில் காட்டுகிறாள்.
நாளங்கள் கிளை பிரிந்து ஓடுவதைப் பார்த்ததும்
ஏதாவது ஆற்றின் பெயர் எழுதத் தோன்றுகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

டக்.
மூன்று மில்லிமீட்டர் தோல்
இடுக்கியில் வருகிறது.
நாலு வாரத்தில் துளை மூடிக்கொள்ளும்;
அடுத்த வருடம் தழும்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.
துண்டு, ரென் நகருக்குப் போகும்.
அங்கே சில மரபணுக்களின் அதட்டலில்
தோல் தான் தோல் என்பதை மறக்கும்.
எதுவாகவும் ஆகக்கூடிய செல்லாகித்
தட்டில் மேடு கட்டி உட்கார்ந்திருக்கும்,
இன்னும் பெயர் வைக்காத பிள்ளை போல.

பிறகு ஒரு சொட்டு ரத்தம்.
அதில் எத்தனை வைரஸ்கள் குடியிருக்கின்றன என்ற கணக்கு
யாரிடமும் இல்லை.
வந்தவற்றை இவள் விரட்டவுமில்லை,
ஊரைக் கூட்டவுமில்லை.
வௌவால் வீட்டு விருந்தென்றால்
நீயும் தொங்கு, நானும் தொங்கு;
வைரஸுக்கும் அதே உபசாரம்.

"பறக்கும்போது உடம்பே உலை.
அந்தச் சூட்டில் தினமும் வெந்தால்
எப்போது தணியவேண்டும் என்று
வெள்ளணுக்களுக்குத் தெரிந்துபோகும்.
சர்க்கரையை வெறிகொண்டு எரிக்காமல்
கொழுப்பை நிதானமாய்ச் சுடுகின்றனவோ என்னவோ"
என்கிறாள் அஸேனோர்.
"கருதுகோள்தான். நிரூபணம் இல்லை.
நிதி இருக்கிறது, மார்ச் வரை."

விடும் நேரம்.
சர்க்கரைத் தண்ணீர் ஒரு துளி நக்கிவிட்டு
உள்ளங்கையில் படுத்தவள் எழவில்லை.
உடல் சில்லிட்டுவிட்டது.
வெந்நீர்ப் பையோ காரில் ஆறிக் கிடக்கிறது.

கையுறையைக் கழற்றக்கூடாது; விதி.
அஸேனோர் வீங்கிய மூட்டுகளை
அந்தச் சின்ன முதுகைச் சுற்றி மடக்குகிறாள்,
மறுத்த விரல் உட்பட.
ரப்பரைத் தாண்டியும் அனலடிக்கும் கை.
அந்தச் சூட்டை அணைக்கத்தான்
பன்னிரண்டு ஆண்டு மாத்திரை.

ஒரு நிமிடம். நாலு. ஒன்பது.
ஃபான்ஷ் துடைப்பத்தை நிறுத்திவிட்டார்.
பதினொன்றில் ஓர் உதறல்,
காது நிமிர்கிறது,
வாய் திறந்து, நமக்குக் கேளாத குரலில்
இருட்டைத் தடவிப் பார்க்கிறாள்.

கை காலி.

குறிப்புக் கட்டத்தில் என்ன போட என்கிறேன்.
"வலது இறக்கை, துளை ஒன்று. ரத்தம், ஒரு சொட்டு.
பறந்த நேரம்."
சொல்லிக்கொண்டே விரலை நிமிர்த்தப் பார்க்கிறாள்.
அது வரவில்லை.

கொடியில் இன்னும் பதினேழு பைகள்.